பொம்மை ட்ரோனைப் பெரிய ரேடியோவில் இணைப்பது

பொம்மை ட்ரோனும் எட்ஜ்டிஎக்ஸ் என்ற மென்பொருள் ஓடும் ரேடியோவும் (கையில் பிடித்து இயக்கும் பெரிய ரிமோட்) 2.4 கிகாஹெர்ட்ஸில்தான் இயங்குகின்றன. ஆனாலும் ஒன்று பேசுவது மற்றதற்குப் புரியாது, புரோட்டோகால், அதாவது பேசும் முறை, வேறு. இந்த வகை ட்ரோன்களில் பல என்ஆர்எஃப்24எல்01 என்ற ரேடியோ சில்லு அல்லது அதன் மலிவான உறவான எக்ஸ்என்297 சில்லில் இயங்குபவை. ஹப்சான் எக்ஸ்4 போன்றவற்றுக்கு ஏ7105 என்ற வேறு சில்லு தேவை. ஆகவே நான்கு ரேடியோ சில்லுகள் கொண்ட மல்டி புரோட்டோகால் மாட்யூல் (பல புரோட்டோகால்களில் பேசும், ரேடியோவில் பொருத்தும் பகுதி) இருந்தால் கவலையில்லை.

ரேடியோவின் மாடல் அமைப்பில் மல்டியைத் தேர்ந்து, புரோட்டோகாலையும் அதன் உட்பிரிவையும் கொடுக்க வேண்டும். எச்8 மினி ட்ரோனுக்கு பயாங் என்ற புரோட்டோகால். பெட்டியிலுள்ள பெயரை மட்டும் நம்பாதீர்கள்: சீர்சன் சிஎக்ஸ்-10-இல் பச்சைப் பலகைக்கு ஒரு உட்பிரிவு, நீலப் பலகைக்கு இன்னொன்று.

அடுத்தது பைண்டிங், அதாவது ரேடியோவையும் ட்ரோனையும் ஒன்றோடொன்று இணைப்பது. பலரும் தடுமாறும் இடம் இதுதான். பயாங்கில் ரேடியோ முதல் சில நொடிகளுக்குத் தன் 5 பைட் முகவரியையும், தாவப்போகும் 4 அலைவரிசைகளையும் அறிவிக்கிறது. ட்ரோன் அதைக் கேட்டுக்கொண்டு பின்தொடர்கிறது. ஆனால் பேட்டரியைக் கழற்றியதும் மறந்துவிடுகிறது! எனவே ஆட்டோபைண்டை இயக்கி வையுங்கள்; ரேடியோவை ஆன் செய்யும்போதெல்லாம் பைண்டிங் தானே நடக்கும். முதலில் ட்ரோனைச் சமதளத்தில் வைத்து மின்சாரம் கொடுங்கள், பிறகு த்ராட்டிலை (மோட்டார் வேகத்தைக் கூட்டிக் குறைக்கும் குச்சி) கீழே வைத்து ரேடியோவை ஆன் செய்யுங்கள். சரிந்த நிலையில் வைத்தால் கைரோ (ட்ரோனின் அசைவை உணரும் சென்சார்) தவறான தொடக்க அளவைப் பிடித்துக்கொள்ளும்; மேலே போனதும் ஒரு பக்கம் ஒதுங்கும். அதை ட்ரிம்மால் (குச்சியின் நடுநிலையைச் சற்றே நகர்த்தும் அமைப்பு) மறைப்பதைவிட மறுபடி சமதளத்தில் வைத்துத் தொடங்குவதே மேல்.

பைண்ட் ஆகியும் த்ராட்டிலைத் தூக்கினால் மோட்டார்கள் அசையவில்லை, வேறு குச்சியைத் தள்ளினால் சுழல்கின்றன என்றால் சேனல் வரிசைதான் காரணம்; ஒவ்வொரு கட்டளையும் ஒரு சேனலில் போகிறது. மாட்யூலின் இயல்பு வரிசை ஐலரான் (பக்கவாட்டில் சாய்வது), எலிவேட்டர் (முன்பின் சாய்வது), த்ராட்டில், ரடர் (திரும்புவது). ரேடியோ த்ராட்டிலை முதல் சேனலில் அனுப்பினால் எல்லாம் இடம் மாறும். புரொப்பெல்லர்களைக் கழற்றிவிட்டுச் சோதியுங்கள்.

5-ஆவது சேனல் பயாங்கில் குட்டிக்கரணத்துக்கு. அதை, கையை எடுத்ததும் தானே பழைய இடத்துக்குத் திரும்பும் ஸ்விட்சில் வையுங்கள். நிலையான ஸ்விட்ச் மேலேயே நின்றுவிட்டால் அடுத்த குச்சி அசைவிலேயே ட்ரோன் புரளும். 9-ஆவது ஹெட்லெஸ், அதாவது ட்ரோனின் முகம் எந்தப் பக்கம் இருந்தாலும் குச்சியின் திசையிலேயே போகும் முறை.

ட்ரோனுடன் வந்த ரிமோட் மெதுவான வேகத்தில் தொடங்கும். மாட்யூலோ பயாங்கில் முழு வேகக் கட்டளையையே அனுப்புகிறது. அதனால் அதே ட்ரோன் திடீரென முரட்டுத்தனமாகத் தோன்றும். ஐலரான், எலிவேட்டர் இரண்டுக்கும் வெயிட் (குச்சியின் முழு வீச்சின் சதவீதம்) 60, எக்ஸ்போ (நடுவில் குச்சியின் விளைவை மென்மையாக்குவது) 30 என வைத்துத் தொடங்கி, கை பழகியபின் ஏற்றிக்கொள்ளலாம். த்ராட்டிலின் வெயிட்டை மட்டும் 100-இலிருந்து குறைக்காதீர்கள். அடிமட்டம் சரியாகப் போய்ச் சேராவிட்டால் மோட்டார் நிற்காது.