கிராபிக்ஸ் கார்டு வாங்கும் முன் சிபியுவைத் திறந்து பாருங்கள்

"அண்ணே, ஒரு 4 ஜிபி கார்டு போட்டுக் கொடுங்க" என்றுதான் சர்வீஸுக்கு வரும் பையன்கள் பெரும்பாலும் ஆரம்பிக்கிறார்கள். எந்தக் கார்டு என்று கேட்டால் ஆன்லைனில் பிடித்து வைத்த ஸ்கிரீன்ஷாட்டை நீட்டுவார்கள். "சரி தம்பி, சிபியுவைக் கொண்டு வந்தியா?" என்று கேட்டால் முழிப்பார்கள். பழைய கம்ப்யூட்டருக்கு எந்தக் கார்டு பொருந்தும் என்பதை முதலில் அதன் எஸ்எம்பிஎஸ்தான், அதாவது உள்ளே எல்லாவற்றுக்கும் மின்சாரம் கொடுக்கும் பெட்டிதான், முடிவு செய்கிறது. பட்ஜெட்டெல்லாம் அப்புறம்தான்.

பக்கவாட்டு மூடியைக் கழற்றி, எஸ்எம்பிஎஸ் மேல் ஒட்டியிருக்கும் லேபிளைப் படியுங்கள். பெரிய எழுத்தில் இருக்கும் 450 வாட்டை நம்ப வேண்டாம். கீழே சின்ன எழுத்தில் ஒரு கட்டம் இருக்கும். அதில் 12 வோல்ட்டுக்கு நேராக எத்தனை ஆம்பியர் என்று பாருங்கள். 14 ஆம்பியர் என்றால் 12-ஐ 14-ஆல் பெருக்குங்கள், 168 வாட். பிராசஸர், கார்டு, ஃபேன் எல்லாமே முக்கியமாக இதிலிருந்துதான் சாப்பிட வேண்டும். மலிவு எஸ்எம்பிஎஸ்களில் அந்த 168 கூட முழுசாக வருமா என்பது சந்தேகம்தான்.

மதர்போர்டின் பெரிய ஸ்லாட் ஒரு கார்டுக்கு அதிகபட்சம் 75 வாட் கொடுக்கும். அதற்கு மேல் வேண்டுமென்றால் எஸ்எம்பிஎஸ்ஸிலிருந்து தனி ஒயர் வர வேண்டும். 6 பின் என்றால் இன்னொரு 75 வாட், 8 பின் என்றால் 150. பழைய கம்ப்யூட்டர்களில் இந்த ஒயரே இருக்காது. உடனே, ஹார்டு டிஸ்க்குக்குப் போகும் சாட்டா ஒயரை 6 பின்னாக மாற்றும் சின்ன அடாப்டரை வாங்கி வந்துவிடுகிறார்கள். சாட்டா கனெக்டரின் 12 வோல்ட் பின்கள் 54 வாட்டுக்கு மேல் தாங்காது. கார்டோ 75 வரை இழுக்கலாம். 12 வோல்ட் கொண்டு வரும் மஞ்சள் ஒயர் நுழையும் இடம் முதலில் பழுப்பாகும், பிறகு பிளாஸ்டிக் இளகி இரண்டு கனெக்டரும் ஒட்டிக்கொள்ளும். அந்த அடாப்டரை மட்டும் யார் சொன்னாலும் போடாதீர்கள்.

இப்போது நிறைய வீடுகளில் இருப்பவை அலுவலகங்களிலிருந்து கழித்துவிடப்பட்ட ரீஃபர்பிஷ்டு டெல் ஆப்டிபிளெக்ஸ், எச்பி எலைட்டெஸ்க், லெனோவோ திங்க்சென்டர்தான். இவற்றில் சிலிம் மாடல் வைத்திருப்பவர்கள் இன்னும் கவனமாக இருக்க வேண்டும். ஆப்டிபிளெக்ஸ் 7010 சிலிம் மாடலில் இருப்பது 240 வாட் எஸ்எம்பிஎஸ். கடையில் வாங்கும் சாதாரண எஸ்எம்பிஎஸ் இந்த மாதிரிப் பெட்டிகளுக்குள் நுழையாது. பல மாடல்களில் மதர்போர்டுக்குப் போகும் கனெக்டரே வேறு. கார்டும் உயரம் குறைந்த லோ புரொஃபைலாக இருந்தால்தான் மூடி மூடும்.

ஆக, தனி ஒயர் கேட்காத கார்டுகளில்தான் தேட வேண்டும். என் முதல் தேர்வு ஜிடிஎக்ஸ் 1650. 2019-இல் வந்தது, 75 வாட், 4 ஜிபி. ஆனால் இதிலேயே 6 பின் கேட்கும் மாடல்களும் உண்டு, படத்தில் கார்டின் மேல் விளிம்பைப் பார்த்து வாங்குங்கள். காசு கொஞ்சம் கூடப் போட முடிந்தால் 2024-இல் வந்த ஆர்டிஎக்ஸ் 3050-இன் 6 ஜிபி மாடல், 70 வாட்தான். அதே பெயரில் 8 ஜிபி கார்டும் விற்கிறது. அது 130 வாட், தனி ஒயர் இல்லாமல் ஓடாது. செகண்ட் ஹேண்டில் மலிவாகக் கிடைக்கும் ஜிடிஎக்ஸ் 1050 டிஐ நல்ல உழைப்பாளிதான். ஆனால் அந்தத் தலைமுறைக்குப் புது கேம்களுக்கான டிரைவரை என்விடியா 2025 அக்டோபரோடு நிறுத்திவிட்டது. 2028 வரை பாதுகாப்பு அப்டேட் மட்டும் வரும். ஏஎம்டியின் ஆர்எக்ஸ் 6400 வெறும் 53 வாட் என்று ஆசை காட்டும். அது ஸ்லாட்டின் 16 லேன்களில் (தகவல் போகும் பாதைகளில்) நாலை மட்டுமே பயன்படுத்துவதால் பழைய மதர்போர்டில் வேகம் குறையும். வீடியோவைச் சுருக்கிப் பதிவு செய்யும் என்கோடரும் கிடையாது, ஸ்ட்ரீமிங் செய்பவர்களுக்கு உதவாது. இன்டெல் ஆர்க் ஏ380-க்கு ரீசைசபிள் பார் வேண்டும்; கார்டின் மெமரி முழுவதையும் பிராசஸர் ஒரே மூச்சில் அணுக விடும் இந்த வசதி பழைய மதர்போர்டுகளில் பெரும்பாலும் இருக்காது. பழைய கம்ப்யூட்டருக்கு அதை யோசிக்கவே வேண்டாம்.

ஜிபி விஷயத்துக்கு வருவோம். எத்தனை ஜிபி என்பதைவிட அந்த மெமரி எந்த வகை, எவ்வளவு வேகம் என்பதுதான் முக்கியம். டிடிஆர்3 மெமரியோடு வரும் ஜிடி 730-ஐ 4 ஜிபி என்று பெட்டியில் கொட்டை எழுத்தில் போட்டிருப்பார்கள். ஜிடி 1030-ஐ எடுத்துக்கொள்ளுங்கள்: பெயர் ஒன்று, 2 ஜிபியும் ஒன்று. ஜிடிடிஆர்5 மாடலின் மெமரி வேகம் நொடிக்கு 48 ஜிபி, டிடிஆர்4 மாடலுக்கு 16.8 மட்டும். கேம் ஓடுவதில் இந்த வித்தியாசம் அப்பட்டமாகத் தெரியும். ஜிடி 710 வாங்க நினைப்பவர்கள் காசை மிச்சம் பிடிக்கலாம். 6-ஆம் தலைமுறை இன்டெல் பிராசஸருக்குள்ளேயே இருக்கும் எச்டி 530 கிராபிக்ஸைவிட அது பெரிதாக ஒன்றும் செய்துவிடாது.

கல்யாண ஆல்பம் டிசைன் செய்பவர்களும் கார்டு கேட்டு வருகிறார்கள். ஃபோட்டோஷாப் திணறுகிறது என்றால் பெரும்பாலும் ரேம் பற்றாக்குறை, இல்லையென்றால் பழைய ஹார்டு டிஸ்க். எஸ்எஸ்டி போட்டு, ரேமை 16 ஜிபி ஆக்கிப் பாருங்கள். அதற்குப் பிறகும் கார்டு வேண்டும் என்று திரும்பி வருபவர்கள் குறைவு.

செகண்ட் ஹேண்டில் போலிகள் தாராளமாகச் சுற்றுகின்றன. ஜிடிஎஸ் 450, ஜிடிஎக்ஸ் 550 டிஐ போன்ற 2010, 2011 காலத்துச் சிப்பின் பயாஸை (உள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருளை) மாற்றி, 1050 டிஐ என்று ஸ்டிக்கர் ஒட்டி விற்பார்கள். விண்டோஸும் அந்தப் பொய்ப் பெயரையே காட்டும். ஜிபியு-இசட் என்ற இலவச மென்பொருளை ஓட்டினால் பெயருக்கு முன்னால் போலி என்று போட்டுவிடும். கார்டைக் கையில் வாங்கியதும் இன்னொன்றும் பார்க்கலாம்: அசல் 1050 டிஐ சிப்பில் விஜிஏ-வுக்குத் தேவையான அனலாக் அவுட்புட் கிடையாது. பின்பக்கம் நீல நிற விஜிஏ போர்ட் இருந்தால் பேரம் பேசாமல் கிளம்பிவிடுங்கள்.

உங்கள் மானிட்டரில் விஜிஏ மட்டுமே இருந்தால், எச்டிஎம்ஐ-யிலிருந்து விஜிஏ-வுக்கு மாற்றும் கன்வெர்ட்டரையும் சேர்த்தே வாங்குங்கள், சில நூறு ரூபாய்தான் ஆகும். கார்டைச் செருகும் முன் மதர்போர்டின் பயாஸை அப்டேட் செய்துவிடுவது நல்லது; புதுக் கார்டை அடையாளம் தெரியாமல் டிஸ்பிளே வராமல் போகும் பழைய போர்டுகள் உண்டு. எல்லாம் சரியாகப் போட்டும் திரை கறுப்பாகவே இருந்தால், மானிட்டர் ஒயர் இன்னும் மதர்போர்டு போர்ட்டிலேயே செருகியிருக்கிறதா என்று பாருங்கள். கார்டு போட்டதும் பல பிராண்டு கம்ப்யூட்டர்களில் அந்த போர்ட் தானாகவே அணைந்துவிடும்.