கயாக் வாங்கும் முன் ஒருமுறை கவிழ்த்துப் பாருங்கள்

"கயாக் ஒண்ணு வாங்கலாம்னு இருக்கேன் சார். கரையோரமா மீன் பிடிக்கணும், ஞாயித்துக்கிழமை பிள்ளைங்களையும் கூட்டிக்கிட்டுப் போகணும். எது நல்லது?" சென்னை ஈசிஆர் (கிழக்குக் கடற்கரைச் சாலை) பக்கம் கயாக் என்ற ஒடுங்கிய சிறு படகில் துடுப்பு போடக் கற்றுக்கொடுக்கும் எனக்கு அடிக்கடி வரும் கேள்வி இது. கேட்பவர் ஏற்கெனவே நிறைய வீடியோ பார்த்திருப்பார். தூண்டில் ராடு செருக எத்தனை ஹோல்டர், மீன் காட்டும் கருவியை எங்கே மாட்டுவது, நின்றபடி தூண்டில் வீசலாமா என்று பட்டியல் தயாராக இருக்கும். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். எந்தக் கரையில் இறக்கப் போகிறீர்கள்? கவிழ்ந்தால் உங்கள் வீட்டில் யார் யாரால் தண்ணீரிலிருந்து திரும்ப ஏற முடியும்?

முதலில் கரை. நம் கடற்கரை எல்லா இடத்திலும் ஒரே மாதிரி இல்லை. சென்னையிலிருந்து புதுச்சேரி வரை பெரும்பாலும் திறந்த வங்கக் கடல். அலை கரைக்குப் பக்கத்திலேயே உடையும். கயாக்கை இறக்குவதும் திரும்பக் கரையேற்றுவதும்தான் அங்கே பெரிய பாடு. நடுவில் இருக்கும் நேரம் சுலபம். தொண்டி, மண்டபத்தின் வடபக்கம் போனால் பாக் நீரிணை. ஆழமில்லாத கடல், அடியில் கடற்புல். தென்மேற்குப் பருவக்காற்று நாட்களில் குளம் போலக் கிடக்கும், வாடைக்காற்று பிடித்தால் அதுவே கலங்கிக் குதிக்கும். தொண்டிக்குப் போதுமான கயாக் சென்னைப் பக்கத்துக் கோவளத்துக்குப் போதாது. அதனால் "இந்தியாவிலேயே சிறந்த மீன்பிடிக் கயாக்" என்ற தலைப்பில் எதைப் பார்த்தாலும், அது எந்தத் தண்ணீருக்குச் சிறந்தது என்று கேட்டுக்கொள்ளுங்கள். பெரும்பாலும் ஏரிக்காக இருக்கும்.

வகையில் எனக்குக் குழப்பமே இல்லை. கடலுக்கு, புதிதாகப் பழகுகிறவருக்கு, மேலே உட்கார்ந்து ஓட்டும் சிட்-ஆன்-டாப் கயாக்தான். உள்ளே காலை நுழைத்து உட்காரும் வகை கவிழ்ந்தால் தண்ணீர் நிரம்பிவிடும். அதை இறைத்துவிட்டு மறுபடி உள்ளே நுழைவது பழகியவருக்கே சிரமம். சிட்-ஆன்-டாப்பின் உடம்பு நாலாபுறமும் மூடியது. மேலே விழும் தண்ணீர் தளத்திலிருக்கும் ஸ்கப்பர் ஓட்டைகள் வழியாகக் கீழே ஓடிவிடும். 1970களில் கலிஃபோர்னியாவின் மலிபுவில் டிம் நீமியர் இந்த வகையைச் செய்து பரப்பினார். ஆனால் நிரம்புவதற்குக் குழியே இல்லாத கலத்தில் அலையைத் தாண்டுவது எப்படி என்பது நம் குப்பங்களுக்கு அதற்கு எத்தனையோ தலைமுறை முன்பே தெரியும். கட்டுமரம் அதைத்தான் செய்தது.

இனி ஏறும் விஷயம். என் பயிற்சியில் முதல் பாடமே இதுதான். கயாக் வாங்குவதற்கு முன்பு நீங்களும் இதைச் செய்து பாருங்கள். நெஞ்சுக்கு மேல் ஆழமான அமைதியான தண்ணீர், லைஃப் ஜாக்கெட், பக்கத்தில் தெரிந்த ஒருவர். கவிழ்ந்து கிடக்கும் கயாக்கின் அடிப்புறத்தின் மேல் கையை நீட்டி எதிர்ப்பக்க விளிம்பையோ கைப்பிடியையோ பற்றி, முழங்காலை அடியில் ஊன்றி, உடம்பின் எடை முழுவதையும் பின்னால் சாய்த்து இழுத்தால் நிமிரும். அப்புறம் இருக்கைக்கு நேராக வந்து, இரண்டு கைகளையும் விளிம்பில் வைத்து, காலைப் பின்னால் மிதக்கவிட்டு உதைக்க வேண்டும். வயிறு முதலில் மேலே வரும். புரண்டு பிட்டத்தை இருக்கையில் வைக்க வேண்டும். கடைசியாகக் கால். வயிறு, பிட்டம், கால். இந்த வரிசை மாறினால் மறுபக்கம் விழுவீர்கள்.

கயாக்கின் குணம் இப்போதுதான் தெரியும். கடையில் பார்க்கும்போது ஆசையாக இருக்கும் உயரமான ஃபிரேம் இருக்கை, ஏறும்போது நேராக விலா எலும்பில் முட்டும். 36 அங்குல அகலமுள்ள கயாக்கை நிமிர்த்தக் கை எட்டாது. பக்கச்சுவர் உயரமாக இருந்தால் உயரம் குறைந்தவர்களால் வயிற்றை மேலே கொண்டுவரவே முடியாது. லைஃப் ஜாக்கெட்டின் முன் பாக்கெட்டில் குறடு, தூண்டில் டப்பா எல்லாம் திணித்து வைத்திருந்தால் அதுவே விளிம்பில் மாட்டிக்கொள்ளும். பயிற்சிக்கு வந்த ஒருவர் நின்று வீசலாம் என்பதற்காகவே பெரிய மேடை போன்ற கயாக் வாங்கி வந்தார். 40 கிலோவுக்கு மேல் எடை. அவர் ஏறிவிட்டார். அவர் மனைவி பல முறை முயன்றும் முடியவில்லை. "அப்போ இது எனக்கில்லை, அப்படித்தானே?" என்று கேட்டார் அந்த அம்மா. ஆமாம், அந்தக் கயாக் அவருக்கானதில்லை. அவருடைய வலுவில் குறையில்லை; அவரை நினைத்து யாரும் அதைத் தேர்ந்தெடுக்கவில்லை.

அகலம் கூடினால் ஆடாது என்பது உண்மை, ஆனால் பாதி உண்மை. தட்டையான தண்ணீரில் அகலக் கயாக் அசையாது. பக்கவாட்டில் அலை வரும்போது அது அலையின் சரிவோடு சேர்ந்து சாயும். கொஞ்சம் குறுகலானது முதலில் ஆட்டம் காட்டினாலும் சாய்ந்த இடத்தில் நின்று பிடித்துக்கொள்ளும். ஒருவருக்கு 10 முதல் 12 அடி நீளம், 30 முதல் 33 அங்குல அகலம், எடை 30 கிலோவுக்குள். இதற்குள் எது கிடைத்தாலும் ஆரம்பிக்கலாம். எடையை அலட்சியம் செய்யாதீர்கள். காரிலிருந்து தண்ணீர் வரை சுடுமணலில் தூக்குவது நீங்கள்தான். தூக்கச் சிரமமான கயாக் இரண்டு மாதத்தில் மொட்டை மாடிக்குப் போய்விடும்.

மீனுக்கும் குடும்பத்துக்கும் ஒன்றே போதுமா? ஒரு வழி இருக்கிறது. 12 அடி, 34 அங்குல அளவில் இருவர் ஓட்டும் கயாக்குகளில் நடுவிலும் ஒரு இருக்கைப் பள்ளம் வைத்த மாதிரிகள் உண்டு. ஓஷன் கயாக் நிறுவனத்தின் மலிபு டூ அதற்கு நல்ல உதாரணம். எடை சுமார் 26 கிலோ. இருவர் போகும்போது முன்னும் பின்னும் உட்காரலாம். தனியாக மீன் பிடிக்கும் நாளில் இருக்கையை நடுவுக்கு மாற்றிக்கொள்ளலாம். அந்த நடு இடம் இல்லாத இருவர் கயாக்கில் தனியாளாகப் பின்னால் உட்கார்ந்தால் அணியம் (முன்முனை) மேலே தூக்கிக்கொள்ளும், காற்று அதைப் பிடித்துத் திருப்பிக்கொண்டே இருக்கும். போகிற திசைக்கு இழுத்து வைப்பதிலேயே கை ஓய்ந்துவிடும். எனவே இருவர் கயாக் வாங்கினால் இதை மட்டுமாவது பார்த்து வாங்குங்கள்.

எடைக் கணக்கைக் காகிதத்தில் போடுங்கள். அப்பா 82, அம்மா 64, குழந்தை 22, தண்ணீரும் சாமானும் 12. மொத்தம் 180 கிலோ. கயாக்கில் 200 என்று ஒட்டியிருந்தால் போதும் என்று தோன்றும். அந்த எண், மூழ்காமல் மிதக்கும் எல்லை. நன்றாக ஓடும் எல்லை அதில் சுமார் 70 சதவீதம்தான், அதாவது 140. அதற்கு மேல் ஏற்றினால் கயாக் தாழ்ந்து ஸ்கப்பர் வழியாகத் தண்ணீர் மேலே வரும், எல்லோரும் ஈரத்தில் உட்கார்ந்திருப்பீர்கள், திருப்பினால் திரும்பாது. மூன்று பேரும் ஒரே கயாக்கில் என்பது உப்பங்கழிக்குச் சரி. அலை தாண்டும் கரையில் வேண்டாம். அந்தக் காசுக்கு இருவர் கயாக் ஒன்றும், பழைய ஒற்றை ஒன்றும் வாங்கலாம்.

காற்றடித்த கயாக்கைப் பற்றிக் கேட்பவர்கள் நிறைய. அபார்ட்மெண்டில் வைக்க இடமில்லை என்பது நியாயமான காரணம்தான். குடும்பத்தோடு முட்டுக்காடு மாதிரி உப்பங்கழித் தண்ணீரில் ஓட்ட நல்ல தரமானது போதும். தூண்டிலோடு கடலுக்கு வேண்டாம் என்பேன். கெளுத்தி மாட்டினால் தெரியும். முதுகிலும் இரு பக்கமும் ரம்பப் பல் வைத்த விஷமுள். மடிக்குப் பக்கத்தில் அது துள்ளும்போது உங்கள் தொடையைப் பார்ப்பீர்களா, ரப்பரைப் பார்ப்பீர்களா? அதைவிடப் பெரிய குறை காற்று. தண்ணீருக்கு மேல் உயரமாகவும் இலேசாகவும் இருப்பதால், கரையிலிருந்து வீசும் காற்று அதைக் கடலுக்குள் தள்ளிக்கொண்டே போகும்.

இந்தக் காற்றைப் பற்றி இன்னும் சொல்ல வேண்டும், புதியவர்கள் ஏமாறும் இடம் இது. கிழக்குக் கரையில் ஜூன் முதல் ஆகஸ்ட் வரை பல நாள் காலையில் மேற்கிலிருந்து காற்று வீசும். கரையில் நின்று பார்த்தால் கடல் தகடு மாதிரி இருக்கும், அலை அடங்கியிருக்கும். "இன்னைக்கு சூப்பர் சார்" என்பார்கள். முன்னூறு மீட்டர் போனதும் முதுகில் தள்ளுவது தெரியும். திரும்பினால் முகத்தில் அடிக்கும். பழகாதவர் மணிக்கு நாலைந்து கிலோமீட்டர் வேகத்தில்தான் துடுப்பு போடுவார். எதிர்க்காற்று 15 நாட் (மணிக்குச் சுமார் 28 கிலோமீட்டர்) வேகத்தைத் தொட்டால் அதுவும் நின்ற இடத்திலேயே நிற்கும். கடற்காற்று பகலில் கிளம்பி, தண்ணீரைக் கலக்கினாலும், உங்களைக் கரைக்குத்தான் கொண்டுவரும். சலனமில்லாத கடலில் மேற்குக்காற்று வீசும் நாளில்தான் நான் யாரையும் இறக்குவதில்லை. ஹைதராபாத்தில் இருக்கும் கடல் தகவல் மையமான இன்காய்ஸ் கடல் நிலை முன்னறிவிப்பை வெளியிடுகிறது. அதில் அலை உயரத்தோடு, ஒரு அலைக்கும் அடுத்ததற்கும் இடைவெளி எத்தனை விநாடி என்பதையும் பாருங்கள். ஒரு மீட்டர் அலை 6 விநாடி இடைவெளியில் வந்தால் அலைக்கழிக்கும், அவ்வளவுதான். அதே ஒரு மீட்டர் 14 விநாடியில் வந்தால் கரையில் இடி மாதிரி உடையும். அதற்குப் பிறகும் குப்பத்தில் வலை பிரித்துக்கொண்டிருக்கும் அண்ணனிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். அவர் படகு கரையில் கிடந்தால் உங்கள் கயாக்கும் கிடக்கட்டும்.

காலால் மிதித்து ஓட்டும் பெடல் கயாக்? கை சும்மா இருப்பதால் தூண்டிலுக்கு வசதி. ஹோபி நிறுவனம் 1997இல் மிராஜ் டிரைவ் என்ற பெடல் அமைப்பைக் கொண்டுவந்ததிலிருந்தே மீன்பிடிக்காரர்கள் அதன் பின்னால் போகிறார்கள். எடையும் விலையும் அதிகம், அலை உடையும் இடத்தில் பெடலை மேலே எடுத்தாக வேண்டும், பாக் நீரிணையில் புல் சுற்றும். முதல் கயாக்காக நான் சொல்வதில்லை.

கயாக்குக்குச் செலவழித்துவிட்டு லைஃப் ஜாக்கெட்டில் மிச்சம் பிடிக்கிறார்கள். குழந்தைக்கு மாட்டிவிட்டு, தோள்பட்டையைப் பிடித்து மேலே தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது தண்ணீரிலும் அப்படியே ஏறும். தொடைகளுக்கு நடுவே பட்டி உள்ளதாக வாங்குங்கள். விசிலும், தண்ணீர் புகாத உறையில் ஃபோனும் உங்கள் உடம்பில் இருக்கட்டும், கயாக்கில் இல்லை. அலை தாண்டும்போது ராடுகளை மடக்கிக் கட்டிவிடுங்கள், தொங்கும் கயிறு எதுவும் வேண்டாம். நங்கூரம் இப்போதைக்கு வேண்டவே வேண்டாம். நீரோட்டத்தில் பக்கவாட்டில் இழுத்துக் கவிழ்ப்பது பெரும்பாலும் அதுதான்.

பழைய கயாக் வாங்குவது புத்திசாலித்தனம், பார்த்து வாங்கினால். டார்ச் அடித்து ஸ்கப்பர் ஓட்டைகளின் உள்சுவரைப் பாருங்கள், விரிசல் அங்கேதான் ஆரம்பிக்கும், குறிப்பாக ஸ்கப்பரில் செருகும் தள்ளுவண்டியில் வைத்து இழுத்திருந்தால். பின்முனை அடிப்பாகம் மணலில் தேய்ந்து மெலிந்திருக்கிறதா என்று விரலால் அழுத்துங்கள். அரை மணி நேரம் தண்ணீரில் ஓட்டிவிட்டு வடிகால் மூடியைத் திறந்து சாய்த்தால் உள்ளே எவ்வளவு புகுந்தது என்று தெரிந்துவிடும். ஒரு டம்ளர் பரவாயில்லை. வாளி என்றால் வேண்டாம். வெயிலில் வெளுத்துப் போயிருந்தால் பிளாஸ்டிக் நொறுங்கத் தொடங்கிவிட்டது.

இடம் பார்த்து இறக்குங்கள். மழைக்காலத்தில் முகத்துவாரம் திறந்திருக்கும்போது உப்பங்கழியிலிருந்து தண்ணீர் வெளியே இழுக்கும், அந்தப் பக்கம் பிள்ளைகளோடு போகாதீர்கள். கல்பாக்கம் அணுமின் நிலையம், துறைமுகங்கள் பக்கம் நெருங்கக் கூடாது. மன்னார் வளைகுடாவின் 21 தீவுகள் 1986 முதல் தேசியப் பூங்கா. வனத்துறை அனுமதி இல்லாமல் அங்கே கால் வைக்க முடியாது. கரைவலை இழுக்கும் நேரத்தில் அந்தக் கயிறுகளுக்கு நடுவே கயாக்கை விடுவது வம்பை விலைக்கு வாங்குவது. போகும் இடத்தையும் திரும்பும் நேரத்தையும் கரையில் ஒருவரிடம் சொல்லிவிட்டுப் போங்கள். அவர் ஃபோனில் இந்தியக் கடலோரக் காவல்படையின் அவசர எண் 1554 பதிவாகியிருக்கட்டும்.