கோட்டாவுக்குத் தமிழ்ல என்ன?

போன வாரம் மொரிஷியஸ்ல, ரோஸ் ஹில் ஊர்ல, சாயங்காலத் தமிழ் கிளாஸ் முடிஞ்சு நாற்காலியெல்லாம் மடக்கிட்டு இருக்கும்போது ஒரு பொண்ணு கேட்டா, "மிஸ், தேர்தல்ல பொம்பளைங்களுக்குக் கோட்டான்னு சொல்றாங்களே, அந்தக் கோட்டாவுக்குத் தமிழ்ல என்ன?" நானும் யோசிக்காம இட ஒதுக்கீடுன்னு சொல்லிட்டேன். பஸ்ல வரும்போதுதான் உறுத்த ஆரம்பிச்சுது.

கோட்டா லத்தீன்லேர்ந்து வந்தது. 'குவோட்டா பார்ஸ்'னு முழுசா சொல்வாங்க, பார்ஸ்னா பங்கு, குவோட்டான்னா எத்தனையாவது. இந்த எத்தனையாவதுங்கிறதை இங்கிலீஷ்ல ஒரே வார்த்தையில கேக்கவே முடியாது, சுத்தி வளைச்சுத்தான் கேக்கணும், நமக்கு அப்படியே கச்சிதமா இருக்கு. அதாவது மூலத்துல கோட்டா ஒரு கேள்வி. என் பங்கு எத்தனையாவது?

ஒதுக்கீட்டுல அந்தக் கேள்வி இல்ல. ஒதுங்கு, ஒதுக்கு, அதோட முதலீடு பங்கீடு மாதிரி ஒரு ஈடு. சீட்டுக்குக் காசு ஒதுக்கி வைக்கிறதும் ஒதுக்குறதுதான், ஊரை விட்டு ஒருத்தரை ஒதுக்கி வைக்கிறதும் ஒதுக்குறதுதான். மாசத்துல மூணு நாள் பொம்பளைங்கள ஒதுங்கி இருன்னு திண்ணையில உக்கார வெச்ச வார்த்தையும் இதேதான், அதையே எடுத்து அவங்க உரிமைக்குப் பேரா வெச்சா காதுல சரியா விழல (எனக்கு மட்டும்தானோ என்னவோ).

மொரிஷியஸ் சட்டத்தைப் பாத்தா இன்னும் வேடிக்கை. 2011 உள்ளாட்சிச் சட்டம் பெண்களுக்கு இத்தனைன்னு பிரிச்சுத் தரல, ஒரு குழு நிறுத்துற வேட்பாளர்கள்ல ஒரே பாலினத்தவர் மூணுல ரெண்டு பங்கைத் தாண்டக்கூடாதுன்னு மட்டும் சொல்லுது. கிராமத்துக்கு 9 பேர் லிஸ்ட்டுன்னா குறைஞ்சது 3 பேர் மத்த பாலினம். இதுவும் உள்ளாட்சிக்கு மட்டும்தான், நாடாளுமன்றத்துக்கும் சேத்து 2018ல கொண்டுவந்த மசோதா நாலுல மூணு பங்கு ஆதரவு தேறாம அப்படியே போச்சு.

ஆனா நாடாளுமன்றத் தேர்தல்ல தோத்தவங்கள்ல நல்லா ஓட்டு வாங்கினவங்களுக்கு பெஸ்ட் லூசர்னு 8 சீட் வரைக்கும் சமூகக் கணக்குப் பாத்து கொடுக்குறாங்களே, இந்து, முஸ்லிம், சீனர், மத்தவங்கெல்லாம் பொது மக்கள்னு நாலு பெட்டி போட்டு (நம்ம தமிழாளுங்களும் இந்துப் பெட்டிக்குள்ளதான்), அதை யாராச்சும் கோட்டான்னு சொல்லிக் கேட்டிருக்கீங்களா? பொம்பளைங்க கேட்டா மட்டும்தான் அதுக்குப் பேரு கோட்டா, கூடவே "தகுதி இருந்தா தானா வரட்டுமே"ன்னு ஒரு இலவச இணைப்பு. தானா எவ்ளோ வேகத்துல வந்துச்சுன்னும் பாத்துடலாம். 1948 தேர்தல்ல இங்க பெண்கள் முதல் தடவையா ஓட்டு போட்டாங்க, முதல் பெண் அமைச்சர் வந்தது 1975ல. அதுவும் டர்பன்ல பொறந்து இங்க வாக்கப்பட்டு வந்த நம்ம தமிழச்சி ராதா பொன்னுசாமி.

அதனால என் ஓட்டு 'பங்கு'க்குத்தான். பகு, பங்கு, நல்ல பழைய வேர், மூன்றில் ஒரு பங்குன்னு எழுதினா யாருக்கும் விளக்கம் வேண்டாம். இதுலயும் ஒரு முள்ளு இருக்கு, பங்குலேர்ந்து வந்த பங்காளியப் பாருங்க, அண்ணன் தம்பி பங்காளி, சித்தப்பா பையன் பங்காளி, கூடப் பொறந்தவ மட்டும் பங்காளி கிடையாது, அவளுக்கு சீர் செஞ்சு அனுப்பியாச்சு. அந்த வார்த்தைக்குள்ள அவ நுழையட்டுமேன்னுதான் நான் இதைச் சொல்றேன். கணக்கு வழக்குல, மீன்பிடி கோட்டா மாதிரி இடத்துல, பங்களவுன்னு போட்டுக்கலாம்.

2020 கிராமத் தேர்தலப்போ எங்க அத்தை வீட்டுக்கு ஒருத்தர் ஃபாரத்தோட வந்தார். "அத்தே, நீங்க ஒண்ணுமே செய்ய வேணாம், பேரும் ஐடி கார்டு நகலும் குடுத்தா போதும், லிஸ்ட்டுக்கு இன்னும் ஒரு பொம்பள குறையுது." அத்தை ரொட்டி தேச்சுக்கிட்டே நிமிராம கேட்டாங்க, "எம் பேரு எத்தனையாவது?"

அவர் ஃபாரத்தைத் திருப்பிப் பாத்துட்டு, "ஒம்போதாவது"ன்னார்.