கண்ட்ரி: நாடா, நாட்டுப்புறமா?

'கண்ட்ரி மியூசிக்' என்ற அமெரிக்க இசை வகையைத் தமிழில் என்னவென்று எழுதுவது? முதலில் அந்தப் பெயரின் கதை. அமெரிக்கப் பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸ் 1933 மே 26 அன்று காசநோயால் இறந்தார். வயது 35. இன்று அவரைக் கண்ட்ரி இசையின் தந்தை என்கிறார்கள். அவர் இருந்தவரை, இசைத்தட்டு வியாபாரிகள் அந்தப் பாட்டுக்கு வைத்திருந்த பெயரோ 'ஹில்பில்லி'. மலைப்பக்கத்துப் பட்டிக்காட்டான் என்பதுபோல இளக்காரம் தொனிக்கும் சொல். 1925இல் நியூயார்க்கில் பாட்டுப் பதிய வந்த ஒரு குழு, பெயர் கேட்டபோது விளையாட்டாகத் தன்னையே அப்படிச் சொல்லிக்கொண்டது. அது தட்டில் ஏறி, அப்புறம் அந்த வகை இசைக்கே ஒட்டிக்கொண்டது.

மரியாதையான பெயர் கிடைக்கக் காலம் பிடித்தது. அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்டு 1944இல் தொடங்கிய பிரபலப் பாட்டுகளின் பட்டியலில் அதை 'ஃபோக்' என்றது. 1949இல் 'கண்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்று மாற்றியது. இந்த வெஸ்டர்னை 'மேற்கத்திய இசை' என்று தமிழில் எழுதினால் வம்பு. நமக்கு அதில் பீத்தோவனும் அடக்கம். அங்கே அது கௌபாய்கள் திரிந்த அமெரிக்க மேற்குப் பகுதி மட்டும். 1962இல் அந்த வாலும் உதிர்ந்து கண்ட்ரி மட்டும் நின்றது. அதற்கு முந்தைய ஆண்டுதான் இந்த இசையின் சாதனையாளர்களைக் கௌரவிக்கும் கண்ட்ரி மியூசிக் ஹால் ஆஃப் ஃபேம் தன் முதல் மூவரை அறிவித்தது: ராட்ஜர்ஸ், பாடலாசிரியர் ஃப்ரெட் ரோஸ், 1953 புத்தாண்டு நாளில் 29 வயதில் காரிலேயே இறந்துபோன பாடகர் ஹேங்க் வில்லியம்ஸ். மூவருமே அப்போது உயிரோடு இல்லை.

சரி, சொல்லுக்கு வருவோம். லத்தீனில் 'கான்ட்ரா' என்றால் எதிரே. அதிலிருந்து 'கான்ட்ராட்டா', கண்ணெதிரே விரிந்து கிடக்கும் நிலம். பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்குப் போய், தேசம், நகரத்துக்கு வெளியே உள்ள ஊர்ப்புறம் என இரண்டு பொருளும் தாங்கியது. நம் 'நாடு' என்ற சொல்லும் இப்படித்தான்: இந்திய நாடு என்கிறோம், நாட்டுப்புறம் என்றும் சொல்கிறோம்.

அதனாலேயே 'நாட்டுப்புற இசை' என்று பெயர்க்கக் கை துறுதுறுக்கிறது. ஆனால் அந்தப் பெயரை நாம் ஏற்கெனவே ஃபோக்குக்குக் கொடுத்துவிட்டோம். நாட்டுப்புறப் பாட்டைக் கட்டியவர் யார் என்று பெரும்பாலும் தெரியாது. கண்ட்ரி பாட்டிலோ எழுதியவர் பெயர் உண்டு, உரிமைத்தொகை உண்டு, கண்ட்ரி இசையின் தலைநகரான நாஷ்வில் நகர ஸ்டுடியோவில் கூலிக்கு வாசிக்கும் கிட்டார்காரர் உண்டு. 'கிராமிய இசை'யிலும் இதே சிக்கல்தான். என் தேர்வு 'நாட்டுப்பாணி இசை'. முதல்முறை எழுதும்போது முன்னால் 'அமெரிக்க' சேர்த்துவிடலாம். ஹேங்க் வில்லியம்ஸை நாட்டுப்புறப் பாடகர் என்று எழுதினால், வாசகர் அவர் கையில் உடுக்கையைக் கொடுத்துத்தான் கற்பனை செய்வார்.