காரில் கைத்துப்பாக்கி: மாநில எல்லையைத் தாண்டும் முன்

பென்சில்வேனியாவிலிருந்து பாலம் ஏறி டெலவேர் ஆற்றைத் தாண்டினால் நியூ ஜெர்சி. சில நிமிடப் பயணம்தான். ஆனால் பாலத்தின் இந்தக் கரையில் சட்டப்படி இருந்த கைத்துப்பாக்கி, அந்தக் கரையில் சிறைக்கு அனுப்பும் குற்றமாகிவிடலாம். ஓட்டுநர் உரிமம் போலத்தானே துப்பாக்கி பர்மிட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒரு மாநிலத்தின் பர்மிட்டை இன்னொரு மாநிலம் ஏற்றே ஆகவேண்டும் என்று அமெரிக்கக் கூட்டாட்சிச் சட்டம் எதுவும் சொல்லவில்லை. நியூ ஜெர்சி எந்த வெளிமாநில பர்மிட்டையும் ஏற்பதில்லை. அங்கே பர்மிட் இல்லாமல் கைத்துப்பாக்கி வைத்திருப்பது இரண்டாம் நிலைக் குற்றம். 5 முதல் 10 ஆண்டு வரை தண்டனை. அரசு வழக்கறிஞர் இறங்கிவந்து, நீதிமன்றமும் தளர்த்தினால் ஒழிய, அந்த மாநிலத்தின் கிரேவ்ஸ் சட்டப்படி முதல் 42 மாதங்களுக்காவது பரோல் கிடையாது.

இங்குள்ள தமிழ்க் குடும்பங்களுக்குப் பெட்டி, பூட்டு பற்றிய பேச்செல்லாம் இரண்டாவது. முதலில் பார்க்க வேண்டியது விசாவை. எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் வந்திருப்பவர் துப்பாக்கியையோ தோட்டாவையோ வைத்திருக்கக் கூடாது, கொண்டுசெல்லவும் கூடாது. கூட்டாட்சிச் சட்டத்தின் 922(ஜி)(5) பிரிவு இது. 15 ஆண்டு வரை சிறை. இதற்கு விலக்குகள் உண்டு. நம்மவர்களுக்குப் பெரும்பாலும் பயன்படுவது வேட்டை உரிமம். ஏதாவது ஒரு மாநிலம் முறையாகக் கொடுத்த, காலாவதியாகாத உரிமம் கையில் இருக்க வேண்டும். நேற்றோடு முடிந்த உரிமம் இன்று உதவாது.

‘துப்பாக்கி என்னுடையது இல்லையே’ என்ற பதில் இங்கே எடுபடாது. சட்டம் கேட்பது யாருக்குச் சொந்தம் என்பதை அல்ல, யார் வசம் இருந்தது என்பதை. குடியுரிமை பெற்ற நண்பர் தன் காரைக் கொடுக்கிறார். எச்-1பி நண்பர் விமான நிலையத்துக்கு ஓட்டிப்போகிறார். முன்சீட்டுகளுக்கு நடுவே உள்ள கன்சோலில் பிஸ்டல் இருப்பது இருவருக்கும் தெரியும். ஓட்டிப்போனவர் சிக்கலில் மாட்ட அது போதும். தெரிந்தே வைத்திருந்தார் என்பதை அரசுத் தரப்புதான் நிரூபிக்க வேண்டும் என்பது உண்மைதான்; ஆனால் அந்த வாதம் நடப்பது கைதுக்குப் பிறகு. கிரீன் கார்டு இருப்பவர் துப்பாக்கி வைத்திருக்கலாம். ஆனாலும் அமெரிக்காவுக்குள் வந்தபின் துப்பாக்கிச் சட்டம் எதையாவது மீறி வைத்திருந்ததாகவோ எடுத்துச் சென்றதாகவோ தண்டனை பெற்றால், குடியேற்றச் சட்டம் அவரையும் நாடு கடத்தலாம் என்கிறது. மாநில நீதிமன்றத்தில் ‘சின்ன கேஸ், ஒப்புக்கொண்டு அபராதம் கட்டிவிடலாம்’ என்று யார் சொன்னாலும், குடியேற்ற வழக்கறிஞரைக் கேட்காமல் தயவுசெய்து கையெழுத்துப் போடாதீர்கள்.

பல மாநிலங்களைக் கடந்து போகிறவர்களுக்குப் பாதுகாப்பு தருவது 1986-இல் வந்த கூட்டாட்சிச் சட்டம், 926ஏ பிரிவு. கிளம்பும் இடத்திலும் போய்ச் சேரும் இடத்திலும் அந்தத் துப்பாக்கியை வைத்திருக்கவும் எடுத்துச் செல்லவும் உங்களுக்கு உரிமை இருக்க வேண்டும். துப்பாக்கியில் தோட்டா இருக்கக் கூடாது. துப்பாக்கியோ தோட்டாவோ, இரண்டில் எதுவுமே பயணிகள் உட்காரும் பகுதியிலிருந்து எளிதில் எட்டக் கூடாது. டிக்கி தனியாக இல்லாத எஸ்யூவி, ஹேட்ச்பேக், மினிவேன் என்றால் பூட்டிய பெட்டி கட்டாயம். க்ளவ் பாக்ஸும் கன்சோலும், சாவி போட்டுப் பூட்டியிருந்தாலும் பெட்டிக் கணக்கில் வராது. செடானிலும் பின்சீட்டை மடக்கினால் டிக்கிக்குள் கை போகும். அதனால் எந்தக் கார் ஆனாலும் துப்பாக்கி ஒரு பூட்டிய பெட்டியில், தோட்டா இன்னொரு பூட்டிய பெட்டியில், இரண்டும் கடைசியில் என்று வைப்பதே நல்லது.

இந்தப் பாதுகாப்பு கடந்துபோகிறவருக்கு மட்டும்தான். பென்சில்வேனியாவிலிருந்து மெய்னுக்குப் போகிறவர் நடுவில் நியூ யார்க்கைத் தாண்டலாம். நியூ யார்க்கிலேயே நான்கு நாள் தங்கப் போகிறவருக்கு இந்தப் பிரிவு கைகொடுக்காது. வழியில் ஓர் இரவு தங்குவதுகூட ஆபத்து. விமானத்தில் போன ஒருவர் நியூ ஜெர்சியில் இணைப்பு விமானத்தைத் தவறவிட்டார். துப்பாக்கி இருந்த பெட்டியை வாங்கிக்கொண்டு ஓட்டலில் இரவைக் கழித்தார். மறுநாள் காலை விமான நிலையத்தில் முறைப்படி அறிவித்தபோது கைதானார். பெட்டி அவர் கைக்கு எட்டும்படி இருந்ததால் 926ஏ பொருந்தாது என்று 2010-இல் மூன்றாம் வட்டக் கூட்டாட்சி மேல்முறையீட்டு நீதிமன்றம் (நியூ ஜெர்சியும் அதன் வரம்பில்தான்) தீர்ப்பளித்தது. கார்ப் பயணத்துக்கும் பாடம் அதேதான்: கெடுபிடியான மாநிலங்களில் பெட்ரோல், கழிப்பறையோடு நிறுத்திக்கொண்டு, தங்குவதை அடுத்த மாநிலத்துக்குத் தள்ளிப் போடுங்கள்.

தோட்டாவை எடுத்துவிட்டோம் என்று நினைத்துக்கொள்வதில்தான் கை தவறுகிறது. பிஸ்டலில் முதலில் மேகசினை, அதாவது தோட்டாக்களை அடுக்கிய கூட்டை, கழற்ற வேண்டும். அதன்பிறகே மேலே நகரும் உலோகப் பகுதியான ஸ்லைடைப் பின்னால் இழுக்க வேண்டும். வரிசை மாறினால், சேம்பரில் (சுடுவதற்குத் தயாராகத் தோட்டா நிற்கும் குழி) இருந்த தோட்டா வெளியே விழும். ஸ்லைடு முன்னே வரும்போது மேகசினிலிருந்து அடுத்தது உள்ளே ஏறிவிடும். பிறகு மேகசினைக் கழற்றிவிட்டு, காலி என்று பெட்டியில் வைப்பார்கள். உள்ளே ஒன்று இருக்கும். ஸ்லைடைப் பின்னால் நிறுத்தி, சேம்பரைக் கண்ணால் பார்த்து, விரல் நுனியாலும் தடவிப் பாருங்கள். ரிவால்வரில் சிலிண்டரைத் திறந்து ஒவ்வொரு குழியையும் பார்க்க வேண்டும். இந்த வேலையை வீட்டிலேயே முடியுங்கள், பார்க்கிங்கில் வேண்டாம்.

நியூ யார்க்கில் ‘தோட்டா நிரப்பியது’ என்ற சொல்லுக்கே பொருள் வேறு. துப்பாக்கி காலியாகவே இருக்கட்டும். அதில் போடக்கூடிய தோட்டா அதே நேரத்தில் உங்கள் வசம் இருந்தால், நிரப்பிய துப்பாக்கி என்றே அங்கே கணக்கு. போன மாதம் பயிற்சிக்குப் போனபோது பையின் ஓரத்தில் தங்கிவிட்ட ஒற்றைத் தோட்டாகூட வழக்கின் கனத்தை மாற்றிவிடும். கிளம்பும்முன் பையைத் தலைகீழாகக் கொட்டிப் பாருங்கள். மேகசினின் அளவையும் பாருங்கள். கலிஃபோர்னியாவில் 10 தோட்டாவுக்கு மேல் கொள்ளும் மேகசினுக்குத் தடை இருக்கிறது.

டெக்சாஸ் போன்ற மாநிலங்களில் நிலைமை நேர் எதிர். தகுதியுள்ள, 21 வயது நிரம்பிய ஒருவர் பர்மிட் இல்லாமலே சொந்தக் காரில் கைத்துப்பாக்கி வைத்துக்கொள்ளலாம். வெளியே தெரிந்தால் ஹோல்ஸ்டரில், அதாவது துப்பாக்கி உறையில், இருக்க வேண்டும். ஆனால் அங்கேயும் கூட்டாட்சிச் சட்டம் ஒன்று குறுக்கே நிற்கிறது. பள்ளி வளாகத்திலிருந்து 1000 அடிக்குள் துப்பாக்கி கூடாது. அந்த மாநிலமே உரிமம் கொடுத்தவருக்கு விலக்கு உண்டு. தோட்டா இல்லாமல் பூட்டிய பெட்டியில் வைத்திருந்தாலும் விலக்கு உண்டு. ஊருக்குள் 1000 அடி வட்டத்தைத் தொடாமல் கார் ஓட்டுவது அநேகமாக முடியாத காரியம். பர்மிட் தேவையில்லாத மாநிலத்திலும் பர்மிட் வாங்கிக்கொள்ளச் சொல்வது இதனால்தான்.

போலீஸ் நிறுத்தினால், உள்விளக்கைப் போட்டுவிட்டு இரு கைகளையும் ஸ்டியரிங்கின் மேல் வையுங்கள். மிச்சிகன், வட கரோலினா போன்ற மாநிலங்களில், பர்மிட்டோடு துப்பாக்கி வைத்திருப்பவர் கேட்காமலே அதைச் சொல்லியாக வேண்டும். அப்படிக் கட்டாயம் இல்லாத இடத்திலும், துப்பாக்கி காகிதங்களுக்குப் பக்கத்தில் இருந்தால் முதலில் வாயால் சொல்லிவிடுங்கள். ரெஜிஸ்ட்ரேஷனை எடுக்க க்ளவ் பாக்ஸைத் திறக்கும்போது அதிகாரியின் டார்ச் வெளிச்சத்தில் பிஸ்டல் தெரிவதைப் போன்ற ஆபத்தான நொடி வேறில்லை. காகிதங்களை வெயில் தடுப்பு மடிப்பில் செருகி வைத்தாலே அந்த நிலைமை வராது. காரைச் சோதிக்கலாமா என்று கேட்டால், சம்மதமில்லை என்று மரியாதையாகச் சொல்ல உரிமை உண்டு. கையால் தடுக்க மட்டும் கூடாது.

காரை விட்டு இறங்கும்போதும் சட்டம் கூடவே வருகிறது. கலிஃபோர்னியாவிலும் நியூ யார்க்கிலும் ஆளில்லாத காரில் கைத்துப்பாக்கியைப் பூட்டாமல் விட்டுப்போவதே குற்றம். சட்டம் கேட்காத இடத்திலும், காரின் இரும்புச் சட்டத்தோடு கேபிள் போட்டுப் பிணைத்த பெட்டிதான் திருடனைத் தாமதப்படுத்தும். வேலே பார்க்கிங்கில் சாவியைக் கொடுத்தால் துப்பாக்கியையும் சேர்த்தே கொடுத்த மாதிரி.

ஓஹையோவிலிருந்து குடும்பத்தோடு நயாகரா போகிறீர்கள் என்று வையுங்கள். அருவியின் அமெரிக்கக் கரை நியூ யார்க் மாநிலம். அந்த மாநிலத்து பர்மிட் இல்லாமல் அங்கே அறையெடுத்துத் தங்கினால் 926ஏ காப்பாற்றாது. ரெயின்போ பாலத்தின் மறுகரை கனடா. அங்கே சொல்லாமல் கொண்டுபோனால் துப்பாக்கி பறிமுதலாகும், நீங்களும் கைதாகலாம். பாலத்துக்குப் போகும் லேனில் தெரியாமல் ஏறிவிட்டேன் என்று சொல்லித் தப்பிக்க முடியாது. அந்தப் பயணத்துக்குத் துப்பாக்கியை வீட்டுப் பெட்டகத்தில் பூட்டிவிட்டுக் கிளம்புங்கள்.