இந்தத் தண்ணியைக் குடிக்கலாமோ, பிள்ளை?

கிணற்றில் மாதிரி எடுக்கப் போகும் மாணவரிடம் வன்னியில் எந்த முற்றத்திலும் கேட்கப்படும் கேள்வி இதுதான். ஆறு மாதம் கழித்து அந்த ஆய்வறிக்கை நூலகத்தில் இருக்கும். கேள்வி கேட்ட அம்மா அதே கிணற்றில் அதே தண்ணீரை அள்ளிக்கொண்டிருப்பார். பம்பைமடுவில் வவுனியாப் பல்கலைக்கழகத்திலும், கிளிநொச்சி அறிவியல் நகரில் யாழ்ப்பாணப் பல்கலைக்கழகப் பீடங்களிலும் படிக்கும் பிள்ளைகளுக்கு அறிவியலை ஊருக்குச் சொல்லப் பழக்க வேண்டுமென்றால், அந்த அம்மாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும். கமராவும் வீடியோ வெட்டுவதும் பிறகு வரட்டும்.

இதற்கான பயிற்சிப் பட்டறைகள் பல தலைகீழாக நடக்கின்றன. முதல் நாளே மென்பொருளைக் கையில் கொடுத்துவிடுகிறார்கள். மூன்றாம் நாள் உயரத்திலிருந்து எடுத்த குளம், ஒரு சோகப் புல்லாங்குழல், "இயற்கையைக் காப்போம்" என்ற முடிவுடன் மூன்று நிமிட வீடியோ வந்துவிடும். பார்த்தவர் நாளைக் காலையில் எதை மாற்றிச் செய்ய வேண்டும் என்பது மட்டும் அதில் இராது.

அதனால் முதல் வேலை ஒரு தாளும் ஒரு வரியும். இதைக் கேட்டபின் யார் எதைத் தீர்மானிக்கப் போகிறார்? "3 ஏக்கரிலும் சிறுபோகம் விதைப்பதா, ஒன்றோடு நிறுத்துவதா என்று யோசிக்கும் கமக்காரர்" என்று எழுதினால் சரி (சிறுபோகம் என்பது குளத்து நீரை நம்பிய கோடை விதைப்பு). "கைக்குழந்தைக்குப் புட்டிப்பால் கரைக்கும் தாய்" என்றாலும் சரி. "பொதுமக்கள்" என்று எழுதிய தாளைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும்.

அடுத்தது எண். பிள்ளைகள் வழுக்கி விழும் இடம் பெரும்பாலும் அலகுதான். யூரியா போன்ற உரங்களிலிருந்து கிணற்று நீரில் சேரக்கூடிய நைத்திரேற்றை எடுத்துக்கொள்வோம். குடிநீரில் லீற்றருக்கு 50 மில்லிகிராம் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவு. ஆய்வுகூட அறிக்கையில் 12 என்று இருக்கும். 50க்கு 12 தானே, பயமில்லை என்று மாணவர் எழுதிவிடுவார். ஆனால் அந்த 12, நைத்திரேற்றில் உள்ள நைதரசனை மட்டும் நிறுத்துச் சொன்ன கணக்காக இருக்கலாம். நைத்திரேற்றின் நிறை 62, அதிலுள்ள நைதரசன் 14, ஆகவே 4.43ஆல் பெருக்க வேண்டும். பெருக்கினால் 53 வருகிறது. அறிக்கையில் நைதரசனைக் குறிக்கும் N என்ற ஒரு சின்ன எழுத்தைக் கவனிக்காததால், குடிக்கக் கூடாத தண்ணீர் குடிக்கலாம் என்று ஊருக்குப் போய்விடும். அந்த 50 என்ற அளவே புட்டிப்பால் குடிக்கும் கைக்குழந்தையை நினைத்து வைத்தது. தவறினால் முதலில் அடிபடுவதும் அந்தக் குழந்தைதான்.

மாதிரி எடுக்கும் முறையும் கதையின் பகுதியே. போத்தலை அதே தண்ணீரால் மூன்று முறை அலச வேண்டும். புளோரைட்டுப் பார்ப்பதென்றால் கண்ணாடிப் போத்தல் ஆகாது, பிளாஸ்ரிக் வேண்டும். திகதி, நேரம், தண்ணீர் எத்தனை அடியில் நின்றது, பக்கத்துத் தோட்டத்துக்குக் கடைசியாக யூரியா போட்டது எப்போது, இவை போத்தலிலோ கொப்பியிலோ அங்கேயே ஏற வேண்டும். கோடையில் எடுத்த ஒரு போத்தலை வைத்து மாரிக் கிணற்றைப் பற்றிப் பேச முடியாது.

குளத்துக்கு வேறொரு கணக்கு. இரணைமடு நிறைந்தால் 36 அடி. 18 அடி நிற்கிறது என்றால் "பாதிக் குளம்" என்று தலைப்புப் போடாத மாணவர் அரிது. இதற்கு விரிவுரை வேண்டாம். ஒரு தாச்சியும் ஒரு தேத்தண்ணிக் கோப்பையும் போதும். கோப்பை கோப்பையாக ஊற்றி உயரத்தைக் குறிக்கச் சொல்லுங்கள். தாச்சியின் பாதி உயரத்தில் கிட்டத்தட்ட நாலில் ஒரு பங்கு நீர்தான் இருக்கும், அடி ஒடுங்கி வாய் அகன்றதால். குளத்தின் சரியான கணக்கு நீர்ப்பாசனத் திணைக்களத்தின் கொள்ளளவு அட்டவணையில் இருக்கிறது. அதைக் கேட்டு வாங்க வேண்டும். துருசு, அதாவது நீரை வாய்க்காலுக்குத் திறந்துவிடும் மதகு, அதன் மட்டத்துக்குக் கீழே நிற்கும் நீர் வாய்க்காலுக்கு வராது என்பதையும் கழிக்க வேண்டும். சிறுபோகத்துக்கு எத்தனை ஏக்கர் என்று பயிர்ச்செய்கைக் கூட்டத்தில் தீர்மானிப்பது இந்தக் கணக்கை வைத்துத்தான். கமக்காரருக்குச் சொல்லும்போது ஏக்கர் அடியை லீற்றராக மாற்றி 12 லட்சத்துச் சொச்சம் என்று மிரட்டத் தேவையில்லை. ஓர் ஏக்கரில் ஓரடி உயரத்துக்கு நிற்கும் தண்ணீர் என்றால் அவருக்கு வயலே கண்ணில் தெரியும்.

மொழியைப் பற்றிக் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். விஞ்ஞான பாடங்களைப் பல்கலைக்கழகத்தில் ஆங்கிலத்தில் படித்தவர்கள், தமிழுக்கு வரும்போது பாடப்புத்தகத் தமிழில் ஒளிந்துகொள்கிறார்கள். "மாசாக்கம் அவதானிக்கப்பட்டது" என்ற வாக்கியத்தில் ஆளும் இல்லை, கிணறும் இல்லை. அதற்கு மருந்து, அந்தக் கலைச்சொல்லைத் தொடாமல் அதே விடயத்தை இரண்டு நிமிடம் வாயால் சொல்லப் பழகுவது. மரப் பெயரில் இன்னொரு பொறி உண்டு. முதிரை என்றால் இங்கே காட்டு மரம், தளபாடத்துக்குப் பேர்போனது. தமிழகத்து வாசகருக்கு அது பருப்பு வகைத் தானியமாகத் தோன்றலாம். இணையத்தில் போடுவதென்றால் முதல் தடவை ஓர் அடையாளம் சொல்லிவிட வேண்டும்.

குழு பிரிக்கும்போது சிங்கள மாணவர் ஒருவரையாவது ஒவ்வொன்றிலும் சேர்ப்பது நல்லது. வான் பாய்கிறது (நிறைந்த குளத்தின் மிகை நீர் வழிகிறது) என்றால் என்ன, அலைகரையில் (குளத்து நீர் ஏறி இறங்கும் ஓரத்தில்) ஏன் விதைக்கக் கூடாது என்று அவர் கேட்பார். தெரியும் என்று நினைத்துக்கொண்டிருக்கும் தமிழ்ப் பிள்ளை விளக்கப் போய்த் தடுமாறுவது அப்போதுதான்.

யானைக் கதை வன்னியில் யாரும் விடாத கதை. "காட்டு யானை அட்டகாசம்" என்ற தலைப்பைப் பத்திரிகையிலிருந்து அப்படியே எடுத்துப் போடுவதைத் தடுக்க வேண்டும். நெல் எந்தப் பருவத்தில் இருந்தது, எத்தனை மணிக்கு, எந்தப் பக்கத்தால் வந்தது என்று கேட்கப் பழக்குங்கள். பிறகு வேலியடிக்குக் கூட்டிப் போங்கள். மின்வேலிக் கம்பியில் புல்லும் கொடியும் ஏறித் தொட்டால் மின்சாரம் நிலத்துக்குக் கசிந்து வேலி வலுவிழக்கும். அங்கே கதை யானையிடமிருந்து, வேலியடியைத் துப்புரவாக்குவது யார் பொறுப்பு என்ற இடத்துக்கு மாறுகிறது. அதுதான் கமக்கார அமைப்பின் கூட்டத்தில் பேசக்கூடிய கதை.

ஒலிப்பதிவுக்கு நல்ல கைபேசியே போதும். வாய்க்கும் கைபேசிக்கும் ஒரு சாண் இடைவெளி, அழைப்பு வராமல் விமான நிலை, சோளகக் காற்றுக்கு முதுகு காட்டி நிற்பது, மைக்கின் மேல் ஒரு கைலேஞ்சி. வட்ஸ்அப்பில் போவது 90 விநாடியைத் தாண்டினால் கேட்பது குறையும். தமிழில் அது 150 சொல்லளவு.

களத்துக்குப் போகுமுன் கிராம அலுவலரிடம் கேட்க வேண்டும். மிதிவெடி அகற்றி முடியாத இடங்கள் இன்னும் உண்டு. நல்ல படத்துக்காக ஒற்றையடிப் பாதையை விட்டு ஓரடியும் விலகக் கூடாது. கிணற்று முடிவு முதலில் கிணற்றுக்காரருக்கே போக வேண்டும். வீடு தெரியப் படம் போட்டு "நச்சுக் கிணறு" என்று எழுதினால் அடுத்த முறை அந்த ஒழுங்கையில் ஒருவரும் படலை திறக்க மாட்டார்கள்.

வெளியிடுமுன் ஒரு சோதனை. ஒலிப்பதிவை அந்த அம்மாவுக்குப் போட்டுக் காட்டிவிட்டு, "பக்கத்து வீட்டு அக்காவுக்கு இதை எப்படிச் சொல்லுவீங்கள், அம்மா?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். திருத்தக் கூடாது. "தண்ணி சரியில்லையாம், கொதிக்க வைச்சுக் குடிக்கட்டாம்" என்பார் அவர். பதிவில் அப்படி ஒரு சொல்லும் இல்லை. ஆனால் "பாதுகாப்பற்ற நீர்" என்று கேட்டதும் "கொதித்தாறிய நீர்" என்று காதே நிரப்பிக்கொள்கிறது. சுகாதாரப் பகுதியினர் இத்தனை வருடம் சொல்லிக் கொடுத்த பாடம் அது. கொதிக்க வைத்தால் கிருமி சாகும். நைத்திரேற்றும் புளோரைட்டும் போகாது. தண்ணீர் வற்ற வற்ற இன்னும் செறியும். ஆகவே பதிவின் இரண்டாவது வாக்கியத்தை எடுத்துவிட்டு, "கொதிக்க வைச்சாலும் இது போகாது அம்மா, பிள்ளைக்குப் பால் கரைக்க வேற தண்ணி எடுங்கோ" என்று மாற்றி, மறுபடி போட்டுக் காட்ட வேண்டும்.