பிள்ளையை போலிஸ் கூப்பிட்டால்: சிங்கப்பூர்ப் பெற்றோர் முன்கூட்டியே தெரிந்துகொள்ள வேண்டியவை

"அக்கா, தூங்கிட்டீங்களா? தம்பிய போலிஸ் கூட்டிட்டுப் போயிருக்காங்களாம். கடையில ஏதோ எடுத்துட்டானாம்."

இரவு ஒன்பதரை மணி இருக்கும். பேசியவர் எங்கள் புளோக்கில் நான்கு வீடு தள்ளி இருப்பவர். தம்பி என்று அவர் சொன்னது தன் மகனை. அவனுக்கு 14 வயது, உயர்நிலை இரண்டு படிக்கிறான். எடுத்தது ஓர் இயர்ஃபோன். அவர் முதலில் கேட்டது, "ஜெயில்ல போட்ருவாங்களா?" அடுத்துக் கேட்டது, "நான் போய் அவன் பக்கத்துல உக்காரலாமா?" அன்றிரவு இரண்டுக்கும் எனக்கு ஒழுங்கான பதில் தெரியவில்லை. அவருடன் டாக்சியில் போனேன், தண்ணீர் வாங்கிக் கொடுத்தேன், அவ்வளவுதான் முடிந்தது. பிறகு தேடிப் படித்தும் விவரம் தெரிந்த சமூக ஊழியர்களிடம் கேட்டும் அறிந்துகொண்டதை இங்கே எழுதுகிறேன். இன்னொரு தாய் அந்த மாதிரி ஓர் இரவில் கையைப் பிசைந்துகொண்டு நிற்கக் கூடாது.

முதலில் வயது. சிங்கப்பூரில் ஒரு பிள்ளையைக் குற்றத்துக்குப் பொறுப்பாக்கக்கூடிய குறைந்தபட்ச வயது முன்பு 7. 2019இல் நிறைவேறிய சட்டத்திருத்தம் அதை 10ஆக உயர்த்தியது. ஆக, பத்து வயதோ அதற்கு மேலோ ஆன பிள்ளை கடையில் ஒரு பொருளை எடுத்து வந்தால் அது வெறும் "சின்னப் பிள்ளை விளையாட்டு" இல்லை. கடைத் திருட்டுக்குப் பொதுவாகப் பயன்படும் தண்டனைச் சட்டத்தின் 380ஆம் பிரிவு, ஏழு ஆண்டு வரை சிறையும் அபராதமும் விதிக்க இடம் கொடுக்கிறது. இது அதிகபட்ச தண்டனை. முதல் தடவை, சிறு பொருள், பதின்ம வயது என்றால் நடப்பது பெரும்பாலும் வேறு. அதைப் பிறகு சொல்கிறேன்.

விசாரணை அறையில் யார் இருப்பார்கள்?

பெற்றோர் பிள்ளையின் பக்கத்தில் உட்கார்ந்துகொள்ள முடியாது. பல பெற்றோருக்கு இதுதான் பேரிடி. ஆனால் பிள்ளை தனியாகவும் விடப்படுவதில்லை. 2016இல் ஒரு 14 வயது மாணவர், விசாரணை முடிந்து வீடு திரும்பிய பிறகு உயிரிழந்தார். நாட்டையே உலுக்கிய அந்தத் துயரத்துக்குப் பின் இளையரை விசாரிக்கும் முறைகள் மறுபரிசீலனை செய்யப்பட்டன. அதன் பலனாக, 16 வயதுக்குக் கீழ்ப்பட்டவர்களுக்கென 2017 ஏப்ரலில் ஒரு திட்டம் தொடங்கி, கட்டம் கட்டமாக விரிவடைந்தது. காவல்துறைக்கும் குடும்பத்துக்கும் சம்பந்தமில்லாத, பயிற்சி பெற்ற தொண்டூழியர் ஒருவர் விசாரணையின்போது பிள்ளையுடன் உட்கார்ந்திருப்பார். 'தகுந்த பெரியவர்' என்று அவரைச் சொல்லலாம். இந்தத் தொண்டூழியர்களை ஒருங்கிணைப்பது சிங்கப்பூர்ச் சிறுவர் சங்கம்.

அவருடைய வேலை என்ன என்பதில் குழப்பம் வேண்டாம். அவர் வக்கீல் இல்லை. பிள்ளைக்காகப் பதில் சொல்ல மாட்டார், "இதைச் சொல், அதைச் சொல்லாதே" என்று யோசனையும் தர மாட்டார். பிள்ளை மிரண்டுபோயிருக்கிறதா, கேள்வி புரியாமல் தலையாட்டுகிறதா, தண்ணீரோ ஓய்வோ தேவையா என்று கவனிப்பார். புரியவில்லை என்றால் புரியவைக்க உதவுவார். நம் வீட்டுப் பிள்ளைகளுக்கு இது எவ்வளவு பெரிய விஷயம் என்று நினைத்துப் பாருங்கள். பெரியவர்கள் சத்தமாகக் கேட்டால் என்ன கேட்டாலும் "ஆமா" என்று சொல்லிப் பழகிய பிள்ளைகள் நம்மிடையே எத்தனை பேர்!

இன்னொன்றையும் பிள்ளைக்கு முன்கூட்டியே சொல்லி வையுங்கள். குற்றவியல் நடைமுறைச் சட்டத்தின் 22ஆம் பிரிவின்படி எடுக்கும் வாக்குமூலத்தை, அதைக் கொடுத்தவருக்கு வாசித்துக் காட்ட வேண்டும். அவருக்கு ஆங்கிலம் புரியாவிட்டால் புரிகிற மொழியில் விளக்க வேண்டும். பிழை இருந்தால் அவர் திருத்தலாம். கையெழுத்து அதற்குப் பிறகுதான். பக்கத்து வீட்டுப் பையன் அன்றைக்குத் தான் சொன்ன நேரம் தப்பாகப் பதிவாகியிருந்ததைக் கவனித்தானாம். "திருத்தச் சொன்னா கோவப்படுவாங்களோன்னு பயந்தேன், ஆனா சொன்னேன், உடனே மாத்திட்டாங்க" என்றான் பிறகு.

ஆறு மாதத்தில் முடியும் வழி

இனி அந்தத் தாயின் முதல் கேள்விக்கு வருவோம். பிடிபட்ட இளையருக்குச் சமூக ஊழியர் மூலம் ஒரு மதிப்பீடு நடக்கும் ஏற்பாடு இங்கே உண்டு. வீட்டு நிலைமை எப்படி, பள்ளிக்கு ஒழுங்காகப் போகிறானா, யாரோடு சுற்றுகிறான், ஏன் எடுத்தான் என்று பையனிடமும் பெற்றோரிடமும் பேசி எழுதுவார்கள். வழக்குப் போடுவதா, வேறு வழியில் திருத்துவதா என்று முடிவெடுக்கும்போது இதுவும் கணக்கில் வரும்.

சிறு குற்றம், செய்ததை ஒப்புக்கொண்ட பிள்ளை, ஒத்துழைக்கும் பெற்றோர் என்றால் 'வழிகாட்டுத் திட்டம்' என்ற வாய்ப்பு வரலாம். 1997 முதல் நடப்பில் உள்ளது. 10 வயது முதல் 19 வயதுக்குள் இருப்பவர்களுக்கானது, ஏறக்குறைய ஆறு மாதம் ஓடும். சமுதாய, குடும்ப மேம்பாட்டு அமைச்சு நியமித்த சமூக சேவை அமைப்புகள் நடத்துகின்றன. தனி ஆலோசனை, குழு அமர்வு, பெற்றோருக்கான அமர்வு என்று வரும். ஒழுங்காக முடித்தால் பிள்ளை நீதிமன்றப் படியே ஏறாமல், கடும் எச்சரிக்கையோடு விடப்படலாம். எச்சரிக்கை என்பது நீதிமன்றம் குற்றவாளி என்று தீர்ப்பளிப்பதற்குச் சமமில்லை. பாதியில் விட்டாலோ மறுபடி தப்புச் செய்தாலோ வழக்கு திரும்ப வரும்.

குண்டர் கும்பலோடு பழகத் தொடங்கிய பிள்ளைகளுக்கு 'ஸ்ட்ரீட்வைஸ்' என்று தனித் திட்டம் உண்டு. அதுவும் 1997இல் பிறந்தது, பிறகு மேம்படுத்தப்பட்டது. கும்பலிலிருந்து வெளியே வருவது எப்படி, கூப்பிட்டால் எப்படி மறுப்பது என்பதுதான் அதன் மையம். அறிவுசார் குறைபாடுள்ள பிள்ளைகளுக்கேற்ற வழிகாட்டுத் திட்டமும் இருக்கிறது. இதைத் தெரியாத குடும்பங்கள்தான் அதிகம்.

இங்கே மனசுக்குள் இருப்பதைச் சொல்லிவிடுகிறேன். இந்த ஆறு மாதத்தைக் கெடுப்பது பெரும்பாலும் பிள்ளை இல்லை, நம் வெட்கம்தான். அந்தத் தாய் முதல் இரண்டு அமர்வுக்குப் போகவில்லை. மாமியார் வீட்டுக்குத் தெரிந்துவிடும், கோயிலில் பார்ப்பவர்கள் என்ன நினைப்பார்கள் என்று. கணவருக்கே ஒரு வாரம் கழித்துத்தான் சொன்னார். மூன்றாவது அமர்வுக்கு இருவரும் சேர்ந்து போனார்கள். அதற்குப் பிறகுதான் பையன் வாயைத் திறந்து, பள்ளியில் இரண்டு பேர் "எடுத்துக் காட்டு பார்க்கலாம்" என்று சீண்டியதைச் சொன்னானாம். பெற்றோர் வந்து உட்கார்ந்தது அவனுக்குத் தண்டனையாகப் படவில்லை, துணையாகப் பட்டது. அமர்வு நேரம் வேலையோடு மோதினால் நேரம் மாற்றக் கேளுங்கள். குடும்பத்துக்கே கைத்தாங்கல் தேவைப்பட்டால் குடும்ப சேவை நிலையத்தையோ 1991 முதல் நம் சமூகத்துக்காக இயங்கும் சிங்கப்பூர் இந்தியர் மேம்பாட்டுச் சங்கமான சிண்டாவையோ அணுகுங்கள்.

பிடிபடுவதற்கு முன்னால்

சோறு ஊட்டும்போதே "சாப்பிடலன்னா போலிஸ் மாமாகிட்ட புடிச்சுக் கொடுத்துடுவேன்" என்று சொல்லி வளர்க்கிறோம். நானும் சொல்லியிருக்கிறேன், இப்போது நினைத்தால் வருத்தமாக இருக்கிறது. மூன்று வயதில் விதைத்த அந்தப் பயம், பதினைந்து வயதில் யாரோ டெலிகிராமில் மிரட்டும்போது "போலிசுக்குப் போகலாம்" என்று பிள்ளைக்குத் தோன்றவிடாமல் செய்துவிடுகிறது. காவல்துறை இளையருக்காக நடத்தும் நடவடிக்கைகளின் ஒரு நோக்கம் இந்தப் பயத்தைக் குறைப்பது.

அவற்றில் பழையதும் பெரியதும் என்பிசிசி, அதாவது தேசிய மாணவர் காவல் படை. 1959இல் பார்ட்லி உயர்நிலைப் பள்ளியில் தொடங்கியது. இன்று பல உயர்நிலைப் பள்ளிகளில் இணைப்பாட நடவடிக்கையாக இருக்கிறது. உயர்நிலை ஒன்றில் சேர்வது வழக்கம். அணிவகுப்பு, முதலுதவி, தடயம் சேகரிப்பு, துப்பாக்கி சுடும் பயிற்சி, புலாவ் ஊபினில் உள்ள அவர்களுடைய முகாமில் கூடாரம் போட்டுத் தங்குவது எல்லாம் உண்டு. இதில் சேர்ந்தால் பிறகு போலிசில்தான் வேலை பார்க்க வேண்டும் என்று ஒரு கட்டாயமும் இல்லை. என் அண்ணன் மகள் சனிக்கிழமை இரவு வாசல் நடைபாதையில் பழைய தமிழ் முரசை விரித்து, பஞ்சை ஒரு சொட்டுத் தண்ணீரில் தொட்டு, கிவி பாலிஷைச் சின்னச் சின்ன வட்டமாகத் தேய்த்துக்கொண்டிருப்பாள். பூட்சின் முனையில் நடைபாதை விளக்கு தெரிய வேண்டும், தெரியும்வரை எழுந்திருக்க மாட்டாள். வீட்டில் தன் தட்டைக் கழுவப் பத்துத் தடவை சொல்ல வேண்டிய பிள்ளை அவள். உயர்நிலை முடிந்த பிறகும் விருப்பமுள்ளவர்கள் காடெட் இன்ஸ்பெக்டராகத் திரும்பி வந்து தம்பி தங்கைகளுக்குப் பயிற்சி கொடுக்கலாம்.

சீருடை பிடிக்காத பிள்ளைக்குப் பந்து பிடிக்கலாம். பள்ளி விடுமுறைக் காலத்தில் நடக்கும் 'டெல்டா லீக்' என்ற காற்பந்துப் போட்டி, வீதியில் வீணாகச் சுற்றக்கூடிய இளையரை உத்தேசித்தது. அதிகாரிகள் திடலில் பிள்ளைகளுடன் பழகுகிறார்கள். பள்ளிகளுக்கும் அதிகாரிகள் வந்து கடைத் திருட்டு, இணைய மோசடி, கும்பல் பற்றிப் பேசுகிறார்கள். மத்திய போதைப்பொருள் ஒழிப்புப் பிரிவும் தொடக்கப்பள்ளியிலிருந்தே நடவடிக்கைகள் நடத்துகிறது. அவர்கள் சொல்லும் ஒரு விஷயத்தை விடுமுறைக்கு வெளிநாடு போகும் பிள்ளைகளிடம் திருப்பிச் சொல்லுங்கள்: சிங்கப்பூரரோ நிரந்தரவாசியோ வெளிநாட்டில் போதைப்பொருள் உட்கொண்டாலும், அது அந்த நாட்டில் அனுமதிக்கப்பட்டதாகவே இருந்தாலும், இங்கே அது குற்றம்.

இப்போது எனக்குக் கடைத் திருட்டைவிட அதிகம் கவலை தருவது சிங்பாஸ், அதாவது அரசாங்கச் சேவைகளுக்கும் வங்கிக் கணக்குத் திறக்கவும் பயன்படும் மின்னிலக்க அடையாளம். 15 வயதில் அடையாள அட்டையோடு சிங்பாஸ் கணக்கும் கைக்கு வந்துவிடுகிறது. "உன் வங்கிக் கணக்கைக் கொஞ்ச நாள் கொடு, சில நூறு வெள்ளி தர்றேன்" என்று இணையத்தில் யாராவது கேட்பார்கள். பிள்ளைக்கு அது பகுதிநேர வேலை மாதிரித் தெரியும். அந்தக் கணக்கு வழியாகப் போவது யாரோ ஒரு தாத்தாவின் மத்திய சேமநிதிப் பணமாக இருக்கலாம். 2023இல் நிறைவேறி 2024 பிப்ரவரி 8 முதல் நடப்புக்கு வந்த சட்டத்திருத்தம் இதைக் குறிவைத்தே வந்தது. சிங்பாஸ் விவரத்தைக் குற்றச் செயலுக்கு உதவும்படி கொடுத்தால் 10,000 வெள்ளி வரை அபராதம், மூன்றாண்டு வரை சிறை அல்லது இரண்டும். "எதுக்குன்னு நான் கேக்கல" என்பது இனித் தப்பிக்கும் வழியாக இருக்காது. சந்தேகம் வந்தால் பிள்ளையே கூப்பிடக்கூடிய எண் 1799, இருபத்து நான்கு மணி நேரமும் இயங்கும் மோசடித் தடுப்பு உதவி எண். குளிர்சாதனப் பெட்டியில் காந்தத்தின் கீழ் ஒட்டி வைத்திருக்கிறேன், 999க்குப் பக்கத்தில். அவசரமில்லாத தகவலுக்குக் காவல்துறையின் எண் 1800-255-0000.

பெரியவர்களுக்கு

1983இல் தோ பாயோவில் முதல் அக்கம்பக்கக் காவல் சாவடி திறந்தபோது, ஜப்பானியக் 'கோபான்' முறையைப் பார்த்து அமைத்தார்கள். அதிகாரி புளோக்குக்குள்ளேயே இருப்பார், மாடி ஏறி வந்து பேசுவார் என்பதுதான் எண்ணம். 1997 முதல் பெரிய அக்கம்பக்கக் காவல் நிலையங்கள் வந்தன. குடியிருப்பாளர் பங்குகொள்ளும் ஏற்பாடுகள் 2019இல் சமூகக் கண்காணிப்புத் திட்டம் என்று ஒரே குடையின் கீழ் வந்தன. காவல்துறை இணையத்தளத்தில் பதிவுசெய்யலாம். பதிவுசெய்தால் வட்டாரத்தில் நடப்பது பற்றிய தகவல் உங்களுக்கும் வரும், நீங்களும் சொல்லலாம். வாரத்தில் ஒருநாள் மாலை சட்டைக்கு மேல் அங்கி மாட்டி, நாலைந்து பேராகப் புளோக்குகளின் அடியில் உள்ள வெற்றுத்தளங்களில் ரோந்து போகும் தொண்டூழியர்களையும் பார்த்திருப்பீர்கள். அதில் தமிழ் பேசும் ஒருவர் இருந்தால், இரவு கூட்டமாக உட்கார்ந்திருக்கும் நம் பையன்களிடம் "தம்பி, சாப்பிட்டீங்களா?" என்று ஆரம்பிக்க முடியும். அந்த ஒரு கேள்வியில் பாதி வேலை முடிந்துவிடும் என்பதை நேரில் பார்த்திருக்கிறேன்.

இன்னும் ஒரு படி மேலே போக விரும்பினால் தொண்டூழியர் சிறப்புக் காவல் படை இருக்கிறது. 1946இல் தொடங்கியது, 18 வயதிலிருந்து விண்ணப்பிக்கலாம், வேலை பார்த்துக்கொண்டே சேவை செய்யலாம். பயிற்சி முடிந்து பணியில் இருக்கும்போது சீருடையும் அதிகாரமும் வழக்கமான போலிஸ் அதிகாரிக்கு இருப்பதுதான்.

அந்தப் பையன் ஆறு மாதத்தை முடித்துவிட்டான். போன மாதம் மின்தூக்கியில் பார்த்தபோது, கீழே ரோந்துக் குழுவில் சேர அப்பா பதிவுசெய்திருப்பதாகச் சொன்னான். "உங்களையும் கேக்கச் சொன்னாரு, ஆன்ட்டி. வெள்ளிக்கிழமை எட்டு மணிக்கு."